இரண்டு கவிதாக்களும் ஒரு கிரெடிட் ஸ்கோரும்

1

என் மகள் இனியாவுக்குப் பத்து வயது. போன மார்ச் மாதம் அவள் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான ஓர் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு படம் வரைய வேண்டும். ஒரு பிள்ளை தம்பி பிறந்த தேதியை எழுதியிருந்தது. இன்னொரு பிள்ளை தாத்தாவின் ஹாக்கிச் சட்டை எண்ணை எழுதியிருந்தது. இனியா 641 என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் அழுகிற முகத்தோடு ஒரு வீட்டை வரைந்து வைத்திருந்தாள்.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை அதை எடுத்துக் காட்டி, "உங்கள் பழைய வீட்டு எண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன சொல்ல? அது என் கிரெடிட் ஸ்கோர்.

கனடாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே ஒருத்தர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா மாட்டாரா என்பதற்குத் தொள்ளாயிரத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் வேண்டுமென்றால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை, ஐந்தாம் தேதி, என் கைப்பேசியில் புது மார்க் வரும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

திருச்செங்கோட்டில் இருக்கும் அப்பாவுக்கும் இது தெரிந்துபோயிற்று. வீடியோ அழைப்பில் என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"எத்தனை மார்க்கு சாமி இந்த மாசம்?"

"அறுநூத்தி நாப்பத்தொண்ணுங்கப்பா."

"தொள்ளாயிரத்துக்குத்தானே? அப்ப எழுவது பர்சென்ட்டுக்கு மேல வருதே. பர்ஸ்ட் கிளாஸு. அப்பறம் எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்கற?"

"அறுநூத்தி எம்பது வேணுமுங்கப்பா. அதுக்குக் கீழ இருந்தா ஃபெயிலு."

"டியூசன் ஏதாச்சும் இருக்குதா?" என்றார் அப்பா. கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

2

நாங்கள் இருந்தது டொரன்டோவுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர். என் வீட்டுக்காரர் செந்தில் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலேயே வளர்ந்தவர். இங்கே வந்தும் லாரிதான் ஓட்டுகிறார். நான் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் மனுவேல் என்கிற போர்ச்சுகல் நாட்டுப் பெரியவர், மகளோடு போய் இருக்கப் போவதாக ஜனவரியில் சொன்னார்.

"செப்டம்பர் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் வீட்டைக் காட்டமாட்டேன். அதற்குள் கடன் கிடைத்தால் உங்களுக்கே தருகிறேன்" என்றார். விலையும் நியாயமானது. இனியாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவளுடைய ஒரே சிநேகிதி பக்கத்து வீடு. எங்களுக்கு வேறு வீடு பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

கடன் வாங்கித் தரும் தரகர் ஷீலா என்கிற பெண்மணி. அவர்தான் அறுநூற்று எண்பது என்ற கோட்டைப் போட்டவர். ஏறுவதற்கு வழியும் சொன்னார். கிரெடிட் கார்டைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் அதிகம் பயன்படுத்தக்கூடாது. கடன் இருக்க வேண்டும், ஆனால் நிறைய இருக்கக்கூடாது. பழைய கார்டை மூடக்கூடாது, புதிய கார்டு வாங்கக்கூடாது. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் சொல்கிற மாதிரி இருந்தது.

பத்தியம் ஒழுங்காக இருந்தேன். ஏப்ரலில் மூன்று மார்க் ஏறியது. மே மாதம் நான்கு. இந்த வேகத்தில் போனால் செப்டம்பருக்குள் ஆகாது என்று செந்தில் ஒரு காரியம் செய்தார். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து, கார் கடனில் மீதியிருந்ததை மொத்தமாகக் கட்டி முடித்தார். அன்றைக்கு வீட்டில் கேசரி.

ஜூன் ஐந்தாம் தேதியும் கேசரி கிளறி வைத்துக் காத்திருந்தேன், பதினொரு மார்க் குறைந்திருந்தது.

"ஏம்புள்ள, கடன முன்னாடியே கட்டுனா தப்பா?"

"ஓடிட்டிருந்த கடன் முடிஞ்சுபோச்சுங்களாம். அதனால கொறையுமாம்."

"கட்டுனதுக்கு அபராதம் போடற ஊர நான் இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த கேசரியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

நான் வேலையிடத்தில் எல்லாரிடமும் அப்பாவின் கதையைச் சொல்லிப் புலம்புவேன். அப்பாவுக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில். முதல் வண்டிக்குப் பணம் கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு நேரே வந்தார். மோர் குடித்தார். அம்மா பிறந்த ஊர் எது, மாமன்மார் யார் யார் என்று விசாரித்தார். எழுந்து போகும்போது, "வண்டிய எடுத்துக்குங்க" என்றார். மார்க் என்ன, மாதம் என்ன! மோர் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. மனிதரை மனிதர் பார்த்துத் தீர்மானித்த ஊரிலிருந்து வந்தவள் நான் என்று ரொம்பப் பெருமையாகச் சொல்வேன்.

3

ஜூலையில் ஷீலா ஒரு யோசனை சொன்னார். "எல்லாம் சரியாகச் செய்தும் ஏறவில்லை என்றால் உங்கள் கோப்பில் ஏதோ தவறு இருக்கும். முழு அறிக்கையை வாங்கிப் பாருங்கள்."

மார்க் போடும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பெயரைக் கேட்டார்கள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "பி ஃபார் பழனி" என்றேன். அந்தப் பக்கம் இருந்த பையனுக்குப் பழனியைத் தெரியவில்லை. "பி ஃபார் பீட்டர்?" என்றான். பீட்டரும் 'பி'தானே என்று சரி சொன்னேன். பத்து நாள் கழித்துக் 'கவிதா பீட்டர்சாமி' என்ற பெயருக்குக் கடிதம் வந்தது. அப்படி ஒரு நபர் தங்கள் பதிவில் இல்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பெயர்த் தொல்லை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறையில் தொடங்கியது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிற ஒருவர் அங்கே இருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் பி. கவிதா. அவ்வளவுதான். "சர்நேம் என்னம்மா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லைங்க என்றேன். "காலியா உட்டா அங்க போயி சிரமப்படுவீங்க" என்று அப்பாவின் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து இங்கே எல்லாரும் என்னை 'மிஸ் பழனிசாமி' என்று கூப்பிடுகிறார்கள். முதல் முறை மருத்துவமனையில் ஒலிபெருக்கியில் அப்படிக் கூப்பிட்டபோது, அப்பா எப்போது வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாவது முறை போனில் பீட்டரை நெருங்கவிடவில்லை. ஆனால் நான்தான் நான் என்று நிரூபிக்க மூன்று கேள்விகள் கேட்டார்கள். இவற்றில் எந்த முகவரியில் நீங்கள் குடியிருந்தீர்கள்? நான்கு முகவரிகளையும் வாசித்தாள் அந்தப் பெண். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. "எதிலும் இல்லை" என்றேன். "மன்னிக்கவும், தவறான விடை" என்றாள்.

என் வாழ்க்கையைப் பற்றிய தேர்வில் நான் தோற்றுவிட்டேன். கடைசியில் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வாடகை ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்துத் தபாலில் அனுப்பிய பிறகுதான் அறிக்கை வந்தது.

அதில் நாங்கள் குடியிருந்த இரண்டு முகவரிகள் சரியாக இருந்தன. மூன்றாவதாக, எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடத்தில் இருக்கும் வேறொரு ஊரின் முகவரி. வேலை செய்யும் இடம் ஒரு முதியோர் இல்லம் என்று போட்டிருந்தது. கூடவே, கட்டாமல் விட்ட ஒரு தொலைபேசிக் கட்டணம், நூற்றெண்பத்தேழு டாலர், வசூல் நிறுவனத்துக்குப் போயிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"யாரோ உம்பேர்ல போன் வாங்கி ஏமாத்திட்டுப் போயிருக்கறாங்க" என்றார் செந்தில். எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஆறு மாதமாக நான் பத்தியம் இருந்தது அந்த மூன்றாவது முகவரிக்காரிக்காகவா?

4

சனிக்கிழமை அந்த முகவரிக்குப் போனோம். வழியெல்லாம் நான் ஆங்கிலத்தில் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போலீஸ் என்ற சொல்லை எந்த இடத்தில் சொல்வது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன். இனியா பின்சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பல பேர் அறை அறையாகப் பங்கு போட்டுக் குடியிருக்கும் வீடு அது. கதவைத் திறந்தவள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். முதியோர் இல்லத்துச் சீருடையில், ஈரத் தலையோடு நின்றாள்.

"கவிதா பழனிசாமி என்பவர் இங்கே இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நான்தான்."

"நான்தான் கவிதா பழனிசாமி" என்றேன், அதே ஆங்கிலத்தில், கொஞ்சம் சத்தமாக.

அவள் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற செந்திலையும் பார்த்தாள். பிறகு தமிழில், "நீங்களும் அந்த நூத்தியெம்பத்தேழு டாலருக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டணம் அவளுடைய கோப்பிலும் இருந்தது. எட்டு மாதமாக அவளும் அதோடு போராடிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பொதுச் சமையலறையில் டீ போட்டாள். அவள் சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம். அவளுடைய அப்பாவும் பழனிசாமி.

"எங்க தெருவுல மட்டும் மூணு பழனிசாமி இருக்காங்க அக்கா" என்றாள்.

இரண்டு பேருடைய அறிக்கையையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். பிறந்த தேதியும் ஒன்றாகவே இருந்தது. மே முப்பத்தொன்று. வருடம் மட்டும்தான் வேறு.

"நெசமாவே நீங்க மே மாசத்துலயா பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்கேக்கா? நான் ஐப்பசி. ஜூன்ல ஸ்கூல்ல சேக்கறப்போ வயசு பத்தலைன்னு ஹெட்மாஸ்டர் போட்ட தேதி."

"எனக்குந்தாங்க! நான் தை மாசம்."

ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தலைமையாசிரியர்கள், இரண்டு ஊர்களில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு ஒரே பிறந்த நாளைப் போட்டிருக்கிறார்கள். பேரும் ஒன்று, தேதியும் ஒன்று. கனடாவின் கணினி இரண்டு பேரையும் ஒருத்தியாக ஒட்டிவிட்டது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செந்தில்கூடச் சிரித்தார். அவருக்கு அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

"சரி, அப்ப அந்த போன் பில்லு யாரோடது?" என்றார்.

வசூல் நிறுவனத்துக்கு அப்போதே போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தோம். இந்த முறை இரண்டு கவிதாக்கள் இருந்ததால் எந்தக் கேள்விக்கும் விடை கிடைத்தது. அந்தப் பக்கம் இருந்தவர் கணக்கு விவரத்தை வாசித்தார். கைப்பேசி இல்லை, லாரியில் வைத்துப் பயன்படுத்தும் இணையக் கருவி. வாங்கிய வருடத்தையும் சொன்னார். முகவரி, பிர்ச் தெரு, கீழ்த்தளம்.

பிர்ச் தெருக் கீழ்த்தளம் நாங்கள் கனடாவில் முதன்முதலில் குடியிருந்த இடம்.

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் டீக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உம்பேர்ல வாங்குன அந்தக் கருவிய அப்பவே கடைல திருப்பிக் குடுத்துட்டனே புள்ள" என்றார், மெல்ல.

"பில்லக் கட்டுனீங்களா?"

"கருவியத்தான் குடுத்துட்டனே."

இன்னொரு கவிதா எழுந்து போய், ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"போன வருசம் என் வீட்டுக்காரர்கிட்டேருந்து தனியா வந்துட்டேன்க்கா. தனி வீடு கேட்டு மூணு எடத்துல எழுதிக் குடுத்தேன். மூணு பேரும் ஸ்கோரப் பாத்துட்டு இல்லைன்னுட்டாங்க. எட்டு மாசமா, யாருன்னே தெரியாத ஒருத்தியைத் தெனமும் திட்டிட்டு இருந்தேன்."

"நானுந்தாங்க உங்களத் திட்டுனேன்" என்றேன்.

அங்கேயே, அந்த மேசையிலேயே, கார்டை எடுத்து நூற்றெண்பத்தேழு டாலரையும் கட்டினேன். கார்டு எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். மூன்றாவது முறை அவள்தான் ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சொன்னாள்.

5

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு நல்லது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோப்புகளைப் பிரிக்க, நாங்கள் இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, வழக்கறிஞர் முன்னால் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இரண்டு பேரும் அனுப்பினால்தான் வேலை நடக்கும். சின்னக் கவிதாவுக்கு அவசரம். அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு காலியாக இருந்தது. அதன் நிர்வாகி நல்ல பெண். கோப்பு சரியாகும் வரைக்கும், ஆனால் அதிக நாள் முடியாது, காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

நான் ஷீலாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பதினொரு வருடப் பழைய கிரெடிட் கார்டு உங்களுடையதா?" என்று கேட்டார்.

நான் கனடாவுக்கு வந்தே ஒன்பது வருடம்தான். அது அவளுடையது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய கார்டு.

"உங்கள் மார்க்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே இந்தக் கார்டுதான்" என்றார் ஷீலா. "பிரித்தால் நீங்கள் கீழே விழுவீர்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டீர்கள், செப்டம்பரில் எப்படியும் அறுநூற்று எண்பதைத் தொட்டுவிடலாம். கடன் கையில் வந்த பிறகு பிரியுங்களேன். இதை நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்."

ஆகஸ்ட் மாதம் அது. செப்டம்பர் கடைசிக்கு ஏழு வாரம் இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. சின்னவள் போன் செய்து, "அக்கா, பேப்பர் ரெடியா?" என்றாள். "வழக்கறிஞர் ஊர்ல இல்லைங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். "எனக்கு வேலைல லீவு கெடைக்கலீங்க" என்றேன். "பரவால்லைக்கா, உங்களுக்குத் தோதுப்படறப்போ பாத்துக்கலாம்" என்றாள். அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரே பெயரில் இருந்தவளாயிற்றே, என்னைத் தன்னைப் போலவே நினைத்திருப்பாள்.

செந்தில் லாரியோடு அமெரிக்கா போய்விட்டு வந்த அன்று, சாப்பாடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். மனுவேல் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தக்காளி வைக்க அவர் ஏற்கெனவே அளவெடுத்து வைத்திருந்தவர்.

"நான் கட்டாம உட்ட பில்லுக்கு அந்தப் புள்ள எட்டு மாசம் ஊடு கெடைக்காம நின்னுச்சு" என்றார். "இன்னும் ரெண்டு மாசம் நில்லுன்னு சொல்றியா நீ?"

"நம்ம ஊடு போயிருமுங்க."

"போவட்டும். இன்னைக்குப் போனா இன்னொண்ணு வரும். அந்தப் புள்ளயோட கார்ட வெச்சு நாம ஊடு வாங்கி, அதுல எப்படிப் புள்ள பால் காச்சறது?"

எனக்குக் கோபம் வந்தது. பில்லைக் கட்டாமல் விட்டவர் எனக்குப் புத்தி சொல்வதா? அதையும் சொல்லிவிட்டேன். அவர் தட்டைக் கழுவி வைத்தார். காலையில் நானே சின்னவளுக்குப் போன் செய்தேன்.

6

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் ஓர் இளைஞன். "உங்களில் கவிதா யார்?" என்று கேட்டான். இரண்டு பேரும் "நான்" என்றோம். "சரி, உங்களில் யார் கவிதா இல்லை?" என்றான். அதற்கும் இரண்டு பேரும் "நான்" என்றோம். காகிதத்தில் எழுதியிருந்ததே அதுதான். கவிதா பழனிசாமி ஆகிய நான், கவிதா பழனிசாமி அல்ல என்று உறுதிமொழி கூறுகிறேன்.

வெளியே வந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். காலை நேரம், கூட்டமில்லை. நான் என் அப்பாவின் ரிக் வண்டிக் கதையை அவளிடமும் எடுத்துவிட்டேன். மோர், மாமன்மார், வண்டிய எடுத்துக்குங்க. எல்லாரும் அந்த இடத்தில் ஆகா என்பார்கள். அவள் சொல்லவில்லை.

"உங்கப்பாவுக்குக் குடுத்தாங்க" என்றாள். "நான் தனியா வந்துட்டேன்னு ஊர்ல சொன்னப்போ, எங்க மாமா, சித்தப்பா எல்லாரும் இதேதான் விசாரிச்சாங்க. யாரு பொண்ணு, யாரு பொண்டாட்டி, எதுக்கு வந்தா. அயோத்தியாப்பட்டணத்துல எனக்கு ஒருத்தரும் வாடகைக்குக்கூட வீடு தரமாட்டாங்கக்கா. இந்த நம்பரு எவ்வளவோ பரவால்ல. நான் யார விட்டுட்டு வந்தேன்னு அதுக்குத் தெரியாது. பில்லு கட்டுனேனான்னு மட்டும்தான் கேக்குது."

எனக்கு அப்பாவுக்குப் பணம் கொடுத்தவர் நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, கணவன் இறந்த பிறகு தையல் கடை வைக்கப் பணம் கேட்ட பாப்பாத்தி அக்கா வீட்டிலும் அவர் மோர் குடித்தார். மாமன்மார் யாரென்று கேட்டார். பாப்பாத்தி அக்காவுக்கு மாமன்மார் இல்லை. குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இந்தப் பாதியை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அதுவரைக்கும் எனக்கே அது நினைவில் இருந்ததில்லை.

7

கோப்புகள் செப்டம்பர் நடுவில் பிரிந்தன. அவளுக்கு ஐம்பத்தெட்டு மார்க் ஏறியது. எனக்கு இறங்கியது. ஐந்தாம் தேதி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று கைப்பேசி தானாகவே கூவிச் சொன்னது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பர்ஸ்ட் கிளாஸு இல்லைன்னு ஆயிப்போச்சா?" என்றார். இன்னும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தாங்கப்பா என்றதும் சமாதானமாகிவிட்டார்.

மனுவேல் வருத்தப்பட்டார். வேறொரு குடும்பத்துக்கு வீட்டை விற்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, சொன்ன தேதி வரைக்கும் காத்திருந்தார். அக்டோபரில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனோம். இனியா கிளம்புகிற அன்று அழுதாள். தமிழில் அழு என்றால் பிள்ளைக்கு எப்படி வரும்? ஆங்கிலத்தில்தான் என்னைத் திட்டினாள். "உன் பெயரில் இருந்த யாரோ ஒருத்திக்காக என் சிநேகிதியை விட்டு வரவேண்டுமா?" என்று கேட்டாள். யாரோ ஒருத்தி இல்லை, நம் பில்தான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் பேருந்து பிடித்துத் தானே சிநேகிதி வீட்டுக்குப் போய் வருகிறாள். வர வர, என் அனுமதியைக் கேட்பதில்லை, தகவல் மட்டும் சொல்கிறாள்.

நான் மறுபடி பத்தியத்துக்குத் திரும்பிவிட்டேன். கட்டணம் கட்டியாயிற்று என்றாலும் அந்தக் கறை இன்னும் சில வருடம் கோப்பில் கிடக்கும் என்கிறார்கள். மாதம் மூன்று, நான்கு என்று ஏறுகிறது. இந்த மாதம் அறுநூற்று இருபத்தாறு. ஆனால் ஒவ்வொரு மார்க்கும் நானே எடுத்தது. சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது, வாடகை கட்டும்போது அவ்வளவு நன்றாக இல்லை.

8

நாங்கள் வீடு மாறிய அதே அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நிர்வாகி காத்திருந்து கொடுத்த அந்த ஒற்றை அறை வீட்டுக்குச் சின்னவள் குடிபோனாள். அவளுடைய சாமான்களை ஏற்ற செந்திலின் லாரி தேவைப்படவில்லை, எங்கள் காரே போதுமாக இருந்தது. இரண்டு பெட்டி, ஒரு குக்கர், ஒரு மெத்தை, நாற்காலி ஒன்று. நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்து ஒரு பெரிய பாத்திரத்தில் எடுத்துப் போயிருந்தேன்.

வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஒரு சன்னல். நாங்கள் நான்கு பேரும் உள்ளே நின்றால் திரும்ப இடமில்லை. சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடலாம் என்று உட்காரப் போனபோது அவள் தடுத்தாள்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. எல்லாரும் ஒரு நிமிசம் வெளிய போங்க."

"ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைக்கா. வெளிய போயி பெல் அடிங்க. என் வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை. இப்ப நீங்க வாங்க."

இனியாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள்தான் முதலில் வெளியே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எடுத்துவிட்டு, இன்னொரு முறை போடுகிற சத்தமும் கேட்டது.

இனியா பெல்லை அழுத்தினாள்.

"யாரு?" என்று குரல் வந்தது, வீட்டுக்காரியின் அதிகாரத்தோடு.

"கவிதா" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். ஆனால் கதவு உடனே திறக்கவில்லை. செந்தில் சூடான பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "மெதுவாத் தொறக்கட்டும்" என்றார். நாங்கள் நின்றோம்.